கருந்திரையில் கற்ற பாடம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

'பதறாத காரியம் சிதறாது' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆறாம் வகுப்பில் அதை வாக்கியத்தில் அமைத்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்குப் புரிந்தது சென்ற அரையாண்டு விடுமுறையில்தான். அதுவும் திண்டுக்கல் வெங்காய மண்டி ஒன்றில், ஒரு கணிப்பொறியின் முன்னால் நின்றபோது. அன்புத் தோழியரே, அந்த ஒருநாள் அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை தரும் செய்தி குறைவு. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும் என்று நாங்கள் நால்வரும் முடிவு செய்தோம்.

சமூக அறிவியல் பாடத்திற்கு 'நம் ஊர்ச் சந்தை' என்னும் தலைப்பில் செயல்திட்டம் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். எங்களில் ஒருத்தியின் தந்தை ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறார். அவர் முதலாளியிடம் அனுமதி பெற்றுத் தந்ததால், ஒரு சந்தை நாள் காலையில் குறிப்பேடும் பேனாவுமாகப் புறப்பட்டோம். மார்கழிக் குளிர் இன்னும் விலகவில்லை. மலைக்கோட்டையின் பாறை பனியில் மங்கலாகத் தெரிந்தது. மண்டியின் வாசலை அடையும் முன்பே வெங்காய வாசனை எங்களை வரவேற்றது. கண்ணீரும் தானாக வந்தது!

உள்ளே நாங்கள் கண்ட காட்சி எங்களை வியக்க வைத்தது. வடமதுரை, ஐயலூர், சாணார்பட்டி, கன்னிவாடிப் பக்கங்களிலிருந்து விவசாயிகள் சின்ன வெங்காய மூட்டைகளுடன் வந்திருந்தார்கள். மூட்டை தராசில் ஏறுகிறது. எடைக்காரர் எடையைத் தம் நோட்டில் குறித்துக்கொண்டு, விவசாயியின் கையில் ஓர் எடைச்சீட்டைக் கொடுக்கிறார். பிறகு ஏலம். விலை முடிந்ததும் அந்த விலையும் சீட்டில் ஏறுகிறது. சீட்டு உள்ளே மூன்று மேசைகளில் ஒன்றுக்குப் போகிறது. அங்குள்ள எழுத்தர் அதைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டு, ஒரு கம்பியில் குத்தி வைக்கிறார். எடையை விலையால் பெருக்கி, தரகையும் சுமைக்கூலியையும் கழித்துப் பட்டியல் அச்சாகி வருகிறது. அந்தப் பட்டியலைக் காட்டினால்தான் பெட்டியடியில் பணம் கிடைக்கும்.

மூன்று மேசைக் கணிப்பொறிகளுக்கும் தாய் போன்ற ஒரு கணிப்பொறி, கணக்குப்பிள்ளையின் அறையில் ஓர் அலமாரிக்குள் இருந்தது. அதைத்தான் 'சர்வர்' என்கிறார்கள். எழுத்தர்கள் எதை ஏற்றினாலும் அது அங்கேதான் போய்ச் சேரும். அதில் ஓடுவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதன் மேல் வியாபாரக் கணக்கைப் பார்ப்பது ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்னும் மென்பொருள். இதை உருவாக்கியது நம் நாட்டு நிறுவனம்தான்; மும்பையில் 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். வெங்காய மண்டிக்குள் இத்தனையும் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினோம்.

மணி பதினொன்றரை இருக்கும். திடீரென்று மூன்று மேசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் எழுந்தது. "பதிவாக மாட்டேன் என்கிறது!" திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ பிழைச் செய்தி. பட்டியல் அச்சாகவில்லை. பட்டியல் இல்லையென்றால் பணமும் இல்லை. சீட்டுகளைக் கையில் பிடித்தபடி விவசாயிகள் மேசைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் ஒரு மூதாட்டி, கன்னிவாடிக்கு அப்பாலிருந்து வந்தவர், எங்களைப் பார்த்து, "என்ன தாயி, ஏன் நிக்குது?" என்று கேட்டார்.

"சர்வர் வரவில்லை பாட்டி" என்றோம்.

"அவன் வரலைன்னா என்ன, காப்பியை நாமளே எடுத்துக் குடிச்சுக்கலாமே!" என்றார் அவர். அந்த நெருக்கடியிலும் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை மதுரையில் இருக்கும் கணிப்பொறிப் பராமரிப்பாளருக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவர் எடுக்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம் செய்தி சொல்ல முன்கட்டுக்குப் போனார். அவருடைய நாட்குறிப்பு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அதில் சர்வரின் கடவுச்சொல் எழுதியிருந்தது.

இங்கேதான் எங்கள் தவறு தொடங்குகிறது. எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு அரசு வழங்கிய மடிக்கணினியில் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் இருந்தது. அதில் கருந்திரையைத் திறந்து, எழுத்துகளால் கட்டளை கொடுத்து விளையாடிய பழக்கம் எங்களுக்கு உண்டு. எலிப்பொறியைத் தொடாமல் வேலை வாங்குவது எங்களுக்கு மந்திரம் போட்ட மாதிரி இருக்கும். "அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும்" என்று ஒருத்தி சொன்னாள். "கேட்டுவிட்டுச் செய்யலாமே" என்று இன்னொருத்தி சொன்னாள். "கேட்பதற்குள் கூட்டம் பெருகிவிடும்" என்று மூன்றாமவள் சொன்னாள். விசையை அழுத்தியது எவள் கை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நால்வரும் சுற்றி நின்றோம், நால்வரும் சம்மதித்தோம். 'சூடோ ரீபூட்' என்று அடித்து, கடவுச்சொல்லையும் கொடுத்தோம். திரை இருண்டது, பிறகு வெள்ளை எழுத்துகள் மழைபோல் பொழிந்தன. இரண்டு நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது.

நாங்கள் ஓடிப்போய் எழுத்தர்களிடம், "வந்துவிட்டது! பக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று கூவினோம். அவர்களும் அப்படியே செய்தார்கள். பட்டியல் அச்சாகத் தொடங்கியது. திரும்பி வந்த கணக்குப்பிள்ளை, "அப்பாடா, தானாகவே வந்துவிட்டதா!" என்று பெருமூச்சு விட்டு, முதலாளிக்கும் அதையே சொல்லி அனுப்பினார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அனுமதியில்லாமல் தொட்டதற்குத் திட்டு விழுமோ என்ற பயம் ஒரு பக்கம்; சரிசெய்துவிட்டோமே என்ற கர்வம் ஒரு பக்கம்.

அந்தக் கர்வம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. சர்வர் மறுபடியும் நின்றது. அதைவிட மோசமான செய்தி அடுத்து வந்தது. இரண்டு மேசைகளில் எழுத்தர்கள் பல சீட்டுகளை ஒரே படிவத்தில் வரிசையாக ஏற்றி, கடைசியில் சேர்த்துப் பதிவு செய்யும் வழக்கம் வைத்திருந்தார்கள். பதிவாகாமல் நின்ற அந்தப் படிவங்கள் அவர்கள் திரையில் அப்படியே இருந்தன. எங்கள் பேச்சைக் கேட்டுப் பக்கத்தைப் புதுப்பித்ததும் அவை மறைந்துவிட்டன. ஒரு மேசையில் ஒன்பது, இன்னொரு மேசையில் எட்டு. ஆகப் பதினேழு விவசாயிகளின் கணக்கு.

அப்போது மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. கணக்குப்பிள்ளை ஒலிபெருக்கியை இயக்கிப் பேசினார். "நின்றது, தானாக வந்தது, மறுபடியும் நின்றுவிட்டது" என்றார். மறுமுனையில் இருந்தவர், "தானாகவா வந்தது? யாரும் தொடவில்லையே?" என்று கேட்டார். "யாரும் தொடவில்லை" என்று கணக்குப்பிள்ளை உறுதியாகச் சொன்னார். "அப்படியென்றால் மின்சாரக் கோளாறாக இருக்கும். யு.பி.எஸ். பெட்டியைக் கழற்ற வேண்டும். ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும்" என்றார் அவர்.

மூன்று மணி நேரம்! வெளியே விவசாயிகள் காத்திருக்கிறார்கள். கோளாறு இல்லாத இடத்தில் கோளாறைத் தேடப் போகிறார்கள். காரணம் எங்கள் மௌனம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணக்குப்பிள்ளையின் மகள் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. அது வெங்காயத்தால் வந்ததல்ல. "மாமா, நாங்கள்தான் ரீபூட் கொடுத்தோம்" என்று சொன்னோம். நால்வர் குரலும் ஒன்றாகத்தான் வந்தன.

கணக்குப்பிள்ளை எங்களைத் திட்டவில்லை. ஒரு சொல்லும் பேசாமல் எங்களைப் பார்த்தார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தம் முதலாளியிடம் நம்பிக்கையோடு சொன்ன சொல் பொய்யாகிவிட்டதே என்ற வேதனை அவர் முகத்தில் தெரிந்தது.

தொலைபேசியில் இருந்தவரும் கோபப்படவில்லை. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. சரி, சொன்னீர்களே, மூன்று மணி நேரம் மிச்சம். ஒருத்தி மட்டும் விசைப்பலகையில் உட்காருங்கள். நான் சொல்வதை அடியுங்கள். எண்டர் விசையைத் தொடும் முன் அடித்ததை எனக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திப் போடுவதுதான் ரீபூட். முதலில் எந்த விளக்கு என்று பார்ப்போம்" என்றார்.

முதல் கட்டளை 'சூப்பர்வைசர்சிடிஎல் ஸ்டேட்டஸ்'. சர்வருக்குள் வேலை செய்யும் 'வேலையாட்கள்' யார் யார், ஒவ்வொருவரும் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று அது பட்டியல் காட்டும். எல்லாருக்கும் நேராக 'ரன்னிங்' என்றே இருந்தது. அடுத்து, தரவுக் கிடங்கின் நிலை. அந்தக் கிடங்கின் பெயர் மரியாடிபி. 2009-ஆம் ஆண்டு அதைத் தொடங்கிய பின்லாந்துக்காரர் மாண்டி வைடினியஸ் தம் இளைய மகள் மரியாவின் பெயரை அதற்குச் சூட்டினாராம். அவர் முன்பு உருவாக்கிய மைஎஸ்கியூஎல் மூத்த மகள் 'மை' பெயரில் வந்ததாம். அந்த மரியாதான் 'ஃபெயில்டு' என்று விழுந்து கிடந்தாள். மண்டியில் ஆட்கள் எல்லாரும் தயாராக நிற்கிறார்கள். கிட்டங்கிக் கதவு மட்டும் பூட்டியிருக்கிறது என்ற நிலை.

"ஏன் விழுந்தாள் என்று அவளையே கேட்போம்" என்று, பிழைப் பதிவேட்டின் கடைசி வரிகளைப் படிக்கச் சொன்னார். சர்வர் நிமிடத்துக்கு நிமிடம் தனக்கு நடந்ததை எழுதி வைக்குமாம். அங்கே 'பிழை 28' என்று இருந்தது. வட்டில் எழுத இடமில்லை என்பது அதன் பொருள். 'டிஎஃப்' கட்டளை கொடுத்தோம். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது! தேர்வில் வந்தால் மகிழும் எண். அங்கே வந்தபோது மனம் நடுங்கியது.

இடத்தை அடைத்தது எது? இரவுதோறும் கணக்கு முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து வைக்கும்படி யாரோ முன்பு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய நகலை அகற்றும் ஏற்பாடு செய்யவில்லை. ஒரு நகல் சுமார் 300 எம்.பி. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகளில் 700 நகல்கள். பெருக்கிப் பார்த்தோம்: 210 ஜி.பி. வட்டின் மொத்தக் கொள்ளளவே 240 ஜி.பி.தான்! நாங்கள் ரீபூட் செய்தபோது தற்காலிகக் கோப்புகள் அழிந்து கொஞ்சம் இடம் கிடைத்தது. அதனால்தான் சர்வர் எழுந்தது. அந்த இடமும் நிரம்பியதும் விழுந்தது. எங்கள் 'வெற்றி'யின் இரகசியம் அவ்வளவுதான்.

"அழித்துவிடலாமா?" என்று கேட்டோம். "கூடாது. கருந்திரையில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். முதலில் வெளியே நகல், பிறகு சரிபார்ப்பு, பிறகுதான் அழிப்பு" என்றார். கணக்குப்பிள்ளை இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு வெளிவட்டை எடுத்து வந்தார். மிகப் பழைய நூறு கோப்புகளை அதில் நகலெடுத்து, அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே சர்வரிலிருந்து நீக்கினோம்.

அந்த நேரத்தில் எங்களில் இருவர் சும்மா இருக்கவில்லை. பழைய காலத்துச் சிட்டைப் புத்தகத்தை எழுத்தர்கள் பரணிலிருந்து இறக்கினார்கள். கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளை எடுத்து, கையாலேயே பெருக்கிக் கழித்துப் பட்டியல் எழுதத் தொடங்கினோம். ஒருத்தி எழுத, ஒருத்தி சரிபார்க்க, எழுத்தர் கையொப்பமிட, பெட்டியடியில் பணம் கொடுத்தார்கள். பதினேழில் பதினாறு சீட்டுகள் கிடைத்தன. ஒன்று மட்டும் காணவில்லை. அது அந்த மூதாட்டியின் சீட்டு.

கம்பியைத் தேடினோம், மேசைக்கு அடியில் தேடினோம், சாக்குகளை உதறித் தேடினோம். மின்விசிறிக் காற்றில் எங்கேயோ பறந்துவிட்டது. "ஆறு மூட்டை தாயி. முந்நூத்தி ரெண்டு கிலோ. முப்பத்தி நாலு ரூவாய்க்குப் போச்சு" என்று அவர் மனப்பாடமாகச் சொன்னார். "சீட்டு இல்லாமல் எப்படி எழுதுவது?" என்று எழுத்தர் தயங்கினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மூதாட்டி சண்டை போடவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. காணாமல் போன அந்தக் கணக்கு, எங்கள் அவசரத்தால் போனதல்லவா?

அப்போதுதான் காலையில் குறிப்பெடுத்தது நினைவுக்கு வந்தது. எடைக்காரர் சீட்டுக் கொடுக்கும் முன் தம் நோட்டிலும் எழுதுகிறாரே! ஓடினோம். அவர் நோட்டைப் புரட்டினார். மூட்டை ஆறு, எடை 302. ஏலம் விட்டவரைக் கேட்டோம்; விலை 34 என்று அவரும் சொன்னார். 10,268 ரூபாய், தரகும் கூலியும் போக மீதிப் பணத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "நல்லா இருங்க தாயி" என்று வாழ்த்திவிட்டுப் பேருந்துக்குப் போனார். அந்த வாழ்த்துக்கு நாங்கள் தகுதியானவர்களா என்று எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளே சர்வரை எழுப்பும் நேரம் வந்துவிட்டது. அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கிடங்கு, பிறகு வேலையாட்கள். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் மரியாடிபி' என்று எழுத்துக்கு எழுத்து படித்துக் காட்டி எண்டர் விசையை அழுத்தினோம். மரியா எழுந்தாள். நடுவில் விழுந்தாலும் பதிவாகி முடிந்த கணக்கு எதுவும் கெடாதாம். ஒரு பட்டியல் முழுமையாகப் பதிவாகும், இல்லையென்றால் பதிவாகவே ஆகாது. பாதி எழுதி விடுவது என்பது கிடையாது. அதன் பிறகு 'பெஞ்ச் ரீஸ்டார்ட்'. வேலையாட்கள் மட்டும் புதிதாக வேலைக்கு வந்தார்கள். சோதனைக்கு ஒரு பட்டியலை ஏற்றிப் பார்த்து, அதை நீக்கிவிட்டு, கையால் எழுதியவற்றை எழுத்தர்கள் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இனி ஏழு நாள் நகல்களை மட்டுமே சர்வரில் வைப்பது, மற்றவை வெளிவட்டுக்கு என்றும் ஏற்பாடானது. மணி அப்போது இரண்டு.

எல்லாம் முடிந்ததும் கணக்குப்பிள்ளை எழுந்தார். "வாருங்கள், முதலாளியிடம் போகலாம். நான் தவறாகச் சொன்னதை நானே திருத்த வேண்டும்" என்றார். நாங்களும் பின்னால் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னோம். முதலாளி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கணக்குப்பிள்ளையிடம், "இனி கடவுச்சொல் இரும்புப் பெட்டிக்குள் இருக்கட்டும்" என்றார். எங்களிடம், "பூட்டுக்குப் பெயர்போன ஊரில் சாவியை மேசைமேல் போட்டது எங்கள் தவறு. எடுத்துத் திறந்தது உங்கள் தவறு" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம் எங்களுடனேயே வந்தது.

பின்னர் இது பற்றிப் படித்தபோது, இத்தகைய அவதி உலகத்துக்கே நேர்ந்திருக்கிறது என்று அறிந்தோம். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார்கள். நின்ற இயந்திரங்களில் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாக அணுகி, பழுதான கோப்பை நீக்கி, மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. விமான நிலையமானாலும் வெங்காய மண்டியானாலும், இயந்திரம் நிற்கும் நாளில் மனிதரின் கையெழுத்துத்தான் கைகொடுக்கிறது.

தோழியரே, நாங்கள் கற்ற பாடங்கள் இவை. இயந்திரம் நின்றால் முதலில் பதிவேட்டைப் படிக்க வேண்டும். காரணம் தெரியாமல் எழுப்பினால் அது மறுபடி விழும். பிறர் பொருளைத் தொடும் முன் கேட்க வேண்டும். தொட்டுவிட்டால் உடனே சொல்ல வேண்டும். நாம் மறைக்கும் ஒரு செய்தி, சரிசெய்ய வருபவரைத் தவறான வழியில் அனுப்பிவிடும். எடைக்காரரின் அழுக்கடைந்த நோட்டையும் இனி நாங்கள் எளிதாக எண்ண மாட்டோம்.

செயல்திட்டத்திற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதில் இந்த நிகழ்ச்சியை நாங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டது மனத்தில் முள்ளாக இருந்தது. வகுப்பாசிரியைச் சகோதரியிடம் சொன்னபோது, "ஆண்டு மலருக்கு எழுதுங்களேன்" என்றார்கள். எழுதிவிட்டோம். அந்த மூதாட்டி இதைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் அடுத்த சந்தை நாளில் அவரைக் கண்டால், சீட்டுத் தொலைந்தது யாரால் என்று சொல்லிவிடுவது என்று நால்வரும் பேசி வைத்திருக்கிறோம்.